அந்த வளையத்தைக் கழற்றச் சொன்னது நான்தான்

அமுதா,

இதை நீ தனியாக உட்கார்ந்து படிக்காதே. மாப்பிள்ளை வேலைவிட்டு வந்து முகம் கழுவட்டும், உன் மாமியார் டீயைக் குடித்து முடிக்கட்டும், அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி. நடுவில் உனக்குப் படிக்க முடியாவிட்டால் பாப்பாவிடம் கொடு. மூன்றாவது படிக்கிறவள், நான் அஞ்சாவது முடித்தபோது படித்ததைவிட வேகமாகப் படிக்கிறாள். போன தடவை வந்தபோது என் மளிகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க வாசித்துக்கொண்டே போனாள், கடைக்காரர் தராசை விட்டுவிட்டுக் கேட்டார். "யார் பேத்தி?" என்று யாரோ கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே நின்றேன், இன்னொரு தடவை கேட்கட்டும் என்று.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ, "வுடும்மா, முடிஞ்சி போச்சி" என்று வைத்துவிடுவாய். முடிந்துபோகவில்லை, கண்ணு. ஞாயிற்றுக்கிழமை உன் காரை விலைக்குக் கேட்டுப் பார்க்க ஆள் வருகிறார்கள் என்று சொன்னாய். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் உன்னை ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்குகிறோம் என்றதற்கு, வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டாய், எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்றாய். அதையெல்லாம்கூட நான் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தேன். ஆனால் போன வாரம் பாப்பா என்னிடம் ஒன்று சொன்னாள். "ஆயா, அம்மா ரோட்டுல லெஃப்ட் கைய புடிக்க வுட மாட்றா. அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் இழுத்து வுட்றா. அந்தக் கையி சரியில்லியாம்." அவள் அதை ஒரு வேடிக்கை போலத்தான் சொன்னாள். நான் உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பிடிக்கக்கூட நம்பிக்கை இல்லாத அளவுக்கு உன் இடது கை மேல் ஒரு பழி விழுந்திருக்கிறது. அந்தப் பழி உன்னுடையது இல்லை. என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், அதை எல்லோரும் கேட்கத்தான் சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் விளங்க வேண்டும் அல்லவா. கும்மிடிப்பூண்டியில் நாம் லைன் வீட்டில் இருந்தபோது நான் பத்தொன்பது வருஷம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை செய்தேன். என்ன செய்யும் கம்பெனி என்றால், கார் கம்பெனிகளுக்குச் சில்லறைச் சாமான் செய்து அனுப்பும் கம்பெனி. என் மேசைக்கு வந்தது கியர் நாப். கியர் கம்பியின் தலையில் உருண்டையாக, கை வைத்துப் பிடிப்பதற்கு இருக்குமே, அதுதான். மோல்டு என்கிற அச்சிலிருந்து சூடாக வந்து விழும். இரண்டு பாதி ஒட்டிய இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு நிற்கும், அதில் பிசிறு தொங்கும். சின்னக் கத்தியால் அந்தப் பிசிறைச் சீவி, கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, கோடு விரலுக்குத் தட்டாவிட்டால் கூடையில் போட வேண்டும். இவ்வளவுதான் என் வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். சூப்பர்வைசர் எங்கள் வரிசையில் நின்று, "இந்தம்மா விரலுக்கு மேல மிஷின் இல்ல" என்று சொன்னதை உன் நைனாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

ஆனால் நான் காரில் ஏறியதில்லை. நான் சீவிய நாப் எந்தக் கம்பியில் போய் உட்காரும், அதைப் பிடித்து முன்னால் தள்ளினால் என்ன ஆகும், பின்னால் இழுத்தால் என்ன ஆகும், ஒன்றும் தெரியாது. என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி, சில மாடல்களுக்கு மட்டும் நாப்புக்குக் கீழே மாட்ட ஒரு வளையம் வரும். அது வேறு கம்பெனியிலிருந்து சாக்கில் வரும். நாங்கள் அதை வளையல் என்போம். மாசமாக இருக்கிறவள் விரல்களில் அதை மாட்டிவிட்டு, "பொண்ணுக்கு வளகாப்பு பண்ணிட்டோம்டி" என்று சிரிப்போம். எதுக்குங்க சார் இது என்று ஒரு தடவை கேட்டேன். "பாக்க அழகா இருக்கும்ல" என்றார் சூப்பர்வைசர். அவருக்கும் தெரியாதோ, கேட்டவளுக்கு இது போதும் என்று நினைத்தாரோ. எனக்கும் அது போதுமாகத்தான் இருந்தது. இந்த வளையத்தை மறந்துவிடாதே, கடைசிவரை இதுதான் வரப்போகிறது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதை நீ மறந்திருப்பாய். உனக்கு ஆறு வயது. உள்ளே குமிழி விழுந்து ரிஜெக்ட் ஆன ஒரு நாப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து உனக்கு விளையாடக் கொடுத்தேன். நீ ஒரு விளக்குமாற்றுக் குச்சிக் கட்டில் அதைச் செருகி, மணல் வாளியில் நட்டு, வாசலில் உட்கார்ந்து கார் ஓட்டினாய். உன் நைனா ரோலிங் மில்லில் இருந்து வந்தவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உனக்குப் பின்னால் உட்கார்ந்து, "டிரைவர் மேடம், ஸ்டேசன் போவுமா?" என்று கேட்டார். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏறு நைனா, சில்லறையா வச்சிக்கோ" என்றாய். தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ரிஜெக்ட் ஆனதாக இருந்தாலும் வெளியே கொண்டுவந்தால் திருட்டு என்றுதான் கம்பெனியில் வைப்பார்கள். அன்றைக்கு நான் வெளியே வந்த பிறகு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் மாறியிருந்தார், எல்லோருடைய பையையும் கொட்டிப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். பயத்தில் உன் கையிலிருந்து அதைப் பிடுங்கி, உன் முதுகில் ஒன்று வைத்து, சாக்கடையில் போட்டுவிட்டேன். "கண்டதையும் எடுத்துக்கினு வருவியா?" என்று கத்தினேன், கொண்டுவந்தவள் நான். நீ, "நான் எடுக்கலம்மா, நீதான குடுத்த?" என்றாய். அதற்கும் ஒரு அடி. இப்போது யோசித்தால், நான் செய்ததற்கு நீ அடி வாங்குவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

போன வருஷம் நீ கார் வாங்கினாய். பழைய கார்தான், ஆனால் நம் வம்சத்தில் கார் சாவி தொட்ட முதல் கை உன் கை. உன் நைனாவின் அம்மா பிறர் வயலில் நாற்று நட்டவள். திருப்பாச்சூர் கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நீ ஏற்றியபோது, நான் பின் சீட்டில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கதவுக் கண்ணாடியை வேண்டுமென்றே இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன், தெரிந்தவர்கள் பார்க்க வேண்டும் என்று. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போவதென்றால் சென்னைக்குப் போய் மாறி மறுபடி மேலே வர வேண்டும். பஸ் என்றால் இறங்கி ஏற வேண்டும். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு எதுவுமே கிடையாது. கார் இருந்ததால்தான் அந்தக் கம்பெனியில் உன்னால் நிற்க முடிந்தது. அதனால்தான் இன்சார்ஜ் பேச்சே வந்தது. உங்கள் சந்தில் வண்டி நிறுத்த இடம் இல்லாததால், லீவு நாட்களில் கடம்பத்தூரில் என் தகரக் கொட்டகையில் நிற்கும். நிற்கிற நாளெல்லாம் ஒரு தடவை துடைப்பேன்.

துடைக்கும்போதுதான் பார்த்தேன். கியர் நாப் மேல்தோல் உரிந்து கையில் கருப்பாக ஒட்டுகிறது. நீ அதே கையால் பாப்பாவுக்கு ரிப்பன் கட்ட, அவள் வெள்ளைச் சட்டைக் காலரில் கருப்பு. "வேற நாப் மாத்தணும்மா, நேரமே இல்ல" என்றாய். இதை நான் செய்யாமல் வேறு யார் செய்வது? உலகத்தில் எனக்கு ஒன்று தெரியும் என்றால் அது நாப்தான். நீயும் மாப்பிள்ளையும் காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போன இரண்டு நாளில், உன்னிடம் சொல்லாமல் வாங்கி மாட்டி, வந்ததும் காட்டலாம் என்று திருவள்ளூர் கடைக்குப் போனேன்.

கடையில் ஒரு சுவர் முழுக்க நாப். அத்தனை விதமா என்று நின்றுவிட்டேன். தோல் சுற்றித் தையல் போட்டது, மரம் மாதிரி வரி போட்டது, கண்ணாடி மாதிரி இருந்து உள்ளே பூ வைத்தது. ஒன்று மண்டை ஓடு, கண்ணில் சிவப்புக் கல். "இத யாருப்பா வாங்குறாங்க?" என்றேன். "காலேஜ் பசங்க கேப்பாங்கம்மா" என்றார் கடைக்காரர். "என் பொண்ணு கம்பெனிக்குப் போறா, சுடுகாட்டுக்கு இல்ல, வேற எடு." அவர் சிரித்துக்கொண்டே பத்துப் பதினைந்து எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றையும் கட்டை விரலால் தடவி ஒதுக்கினேன். "இதுல கோடு நிக்குது. இதுல பிசிறு சரியா சீவல. இது தையல் ரெண்டு மாசத்துல வுட்ரும்." அவர் எடுத்துத் தடவிப் பார்த்து, "எனக்கே தெரிலியே! இன்னா கம்பெனிம்மா நீங்க?" என்றார். அந்தக் கேள்வி போதும் எனக்கு. பத்தொன்பது வருஷக் கதையையும் சொன்னேன். கடைக்கு வந்த இன்னும் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். கடைசியில் ஒரு இரும்பு நாப்பை எடுத்தார், எவர்சில்வர் மாதிரி பளபளவென்று, கோழி முட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, நல்ல கனம். லேத் மிஷினில் கடைந்து எடுத்தது. சுற்றிச் சுற்றித் தடவினேன், கோடே இல்லை. மோல்டில் வார்த்தால்தானே கோடு? என் வாழ்நாளில் கோடு இல்லாத நாப்பை அன்றைக்குத்தான் தொட்டேன். அதற்கு மேல் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. வெயிலில் சுடுமா, உன் வண்டிக்குப் பொருந்துமா, எதுவும்.

மறுநாள் அவர் பைக்கில் வந்து மாட்டினார். பழைய நாப்பைத் திருகிக் கழற்றினார். புதுசு பாதி வரைக்கும் இறங்கி நின்றுவிட்டது. "பெரிமா, இந்த வளையம் இடிக்குது" என்றார். பார்த்தால் நம்ம வளையல்! கருப்பு வளையம், நாப்புக்குக் கீழே. எனக்கு ஒரே சந்தோஷம், பழைய கூட்டாளியைப் பார்த்த மாதிரி. அவர் சொன்னார்: "ரிவர்ஸ் போடறதுக்கு இதத் தூக்கணும். இந்த வண்டில ஃபர்ஸ்டும் ரிவர்ஸும் பக்கத்துப் பக்கத்துல. தூக்கலன்னா ரிவர்ஸ் வுழாது, அதான் பூட்டு. இத எடுத்தாத்தான் உங்க நாப் உக்காரும். எடுத்துட்டு, உள்ள இருக்கற பூட்டுக் கம்பிய மேல தூக்கி, ஒயர் கட்டற பிளாஸ்டிக் டை ஒண்ணு போட்டுக் கட்டிறலாம். ஆனா பூட்டு இருக்காது. வேற நாப் பாத்துக்கலாமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது ஷோவுக்குப்பா. பத்தொம்போது வருசம் பாத்தவ சொல்றேன், எடுத்துக் கட்டு." அவர் தயங்கினார். நான் விடவில்லை. கட்டிவிட்டுப் போகும்போது வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "பெரிமா, உங்க பொண்ணாண்ட மட்டும் மறக்காம சொல்லிடுங்க. பூட்டு இல்லன்னு சொல்லுங்க." சரிப்பா, சொல்றேன் என்றேன்.

நீ வந்தாய். கதவைத் திறந்ததும் உன் முகம் மலர்ந்ததே, அது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கையை வைத்துப் பார்த்துவிட்டு உடனே கேட்டாய். "ம்மா, அந்த ரிங்கு எங்க? ரிவர்ஸுக்கு அதத் தூக்கணும்ல?" அப்போது சொல்லியிருக்கலாம், அமுதா. கடைக்காரர் இப்படிச் சொன்னார் என்று ஒரு வரி. ஆனால் சொன்னால் நீ கழற்றச் சொல்லுவாய், நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்தது தப்பு என்று ஆகிவிடும், நாப் விஷயத்தில் எனக்கே தெரியாதது ஒன்று இருந்தது என்று ஆகிவிடும். "புது மாடல்ல அதெல்லாம் வேணாமாம்டி, நேரா போட்டா வுழும்" என்றேன். "யார் சொன்னது?" என்றாய். "நான் சொல்றேன்ல" என்றேன். நீ சிரித்துவிட்டாய். "நாப் கம்பெனிக்காரி சொன்னா சரிதான்." அதோடு நீ கேட்கவே இல்லை. நீ ஏமாளி இல்லை. கம்பெனியில் ஒரு போல்ட்டு தளர்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிறவள். அம்மா சொன்னதால் நம்பினாய்.

மூன்று வாரம் ஓட்டினாய். கும்மிடிப்பூண்டியில் உங்கள் கம்பெனிக்கு முன்னால் நிழலே கிடையாது, நாள் முழுக்க வெயிலில் நின்ற காரில் அந்த இரும்பு தோசைக்கல் மாதிரி காய்ந்திருக்கும். நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைக்குட்டையை நாப் மேல் போட்டு அதன் மேல் பிடித்து ஓட்டினாய். அம்மா வாங்கிக் கொடுத்தது என்று பொறுத்துக்கொண்டாய். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ரயில்வே கேட்டில் நாம் நின்றபோதும் கைக்குட்டை போட்டிருந்தாய். நானும் பாப்பாவும் பின்னால். கேட் திறந்தது, எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், நீ கியர் போட்டு கிளட்சை விட்டாய், வண்டி முன்னால் போகாமல் பின்னால் பாய்ந்தது. பின்னால் மொபெட்டில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு நின்ற பெரியவர் விழுந்தார். கால் அவர் வண்டிக்கு அடியில்.

அங்கே கூடியவர்கள் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதுகிறேன், நீ மட்டும் தினமும் அதை நினைத்துக்கொண்டு இருப்பதைவிட எல்லோரும் கேட்கட்டும். "லைசன்ஸ் யார்ரா குடுத்தது இதுக்கு?" "கியர் போடத் தெரில, காரு கேக்குது." நீ ரோட்டில் மண்டியிட்டு அந்தப் பெரியவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஃபர்ஸ்ட்தாங்க போட்டேன், சத்தியமா ஃபர்ஸ்ட்தான் போட்டேன்" என்று சொன்னாய். நான் இரண்டு அடி தூரத்தில் நின்றிருந்தேன். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. பூட்டு இல்லன்னு சொல்லுங்க என்று கடைக்காரர் பைக்கில் உட்கார்ந்து சொன்னது காதில் அப்படியே கேட்டது. வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில், கால் எலும்பில் விரிசல், கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டபோது, நீ உன் இடது கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "என் கையிதாம்மா மாறிப்போச்சி." அப்போதும் நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில், "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு காருன்னு அன்னிக்கே சொன்னேன்" என்று சம்பந்தியம்மா பயத்தில் சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பேத்தி அந்தக் காரில் இருந்தாள் என்ற பதற்றம் அவருக்கு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் தலையை ஆட்டினேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொன்னதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். உன் எதிரிலேயே உனக்கு விரோதமாகத் தலையாட்டினேன்.

பாப்பா சொன்னதைக் கேட்ட மறுநாள் முதலில் கீரைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்தாகிவிட்டது, கோலூன்றி நடக்கிறார். யாரென்று சொன்னதும், "பாப்பாவோட அம்மாவா? வாம்மா" என்று நகர்ந்து உட்கார்ந்தார். உன்னைத்தான் பாப்பா என்கிறார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரும்பு நாப், வளையம், டை, நான் சொன்ன பொய். அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "உங்க பொண்ணு ஒரு வாரம் வுடாம வந்து பாத்துக்கினு போச்சும்மா. வந்து உக்காந்தா அழுவும். வுடு தாயி, கை தவறிப்போச்சி இன்னா பண்றதுன்னு நான்தான் சமாதானம் சொல்வேன். நீங்க இப்பதான் வர்றீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. கிளம்பும்போது கூப்பிட்டு, "பொண்ணாண்ட சொல்லிட்டியாம்மா?" என்றார். இல்லை என்றேன். "மொதல்ல அதாண்ட சொல்லு. எனக்குக் கால்தான் ஒடஞ்சிது" என்றார்.

அங்கிருந்து நேராக அந்தக் கடைக்குப் போனேன். பழைய நாப்பையும் கழற்றிய வளையத்தையும் நான் எறியவில்லை, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு பையில் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, பொண்ணுக்குப் புடிச்சிதா?" என்று சிரித்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. "நான் சொன்னேனேம்மா" என்றார். "சொன்ன. நான் கேக்கல. அவளாண்டயும் சொல்லல" என்றேன். கல்லாப் பெட்டியை மூடிவிட்டு, "என் மேலயும் தப்புதான். நீங்க சொன்னாலும் நான் கட்டிக் குடுத்திருக்கக் கூடாது" என்றார். இந்தத் தடவை நான் சுவர்ப் பக்கம் போகவில்லை. நீயே சொல்லுப்பா, இந்த வளையம் உள்ளே போகிற மாதிரி எது இருக்கிறது என்று கேட்டேன். அவர் உன் வண்டி மாடலைச் சொல்லிப் பெட்டியிலிருந்து இரண்டே இரண்டு எடுத்தார். கருப்பு, தோல் மாதிரி சுற்றியது, கனம் இல்லை, பளபளப்பு இல்லை, வெயிலில் சுடாது. கீழே வளையத்துக்கு இடம் விட்டிருக்கிறது. ஒன்றில் விரலை வைத்தேன். பக்கவாட்டில் லேசாகக் கோடு தட்டியது. பழைய நாளாக இருந்தால் கூடையில் போட்டிருக்க மாட்டேன். "இது போதும், இதையே குடு" என்றேன்.

இனி நீ எதை வாங்கினாலும், கண்ணு, யார் வாங்கிக் கொடுத்தாலும், கழற்றி எடுத்த பாகம் எதற்கு இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் கை வை. பதில் சொல்கிறவளுக்குப் பத்தொன்பது வருஷம் பழக்கம் என்றால் இரண்டு தடவை கேள். எனக்குத் தெரிந்தது ஒரு கோடு, ஒரு பிசிறு. அதை வைத்துக்கொண்டு கார் முழுக்கத் தெரிந்த மாதிரி பேசினேன். நீ ரிங் எங்கே என்று கேட்டாய் பார், அது சரியான கேள்வி. அன்றைக்குக் கேட்ட உன் வாயும் சரி, கியர் போட்ட உன் கையும் சரி.

நேற்று கடைக்காரர் வந்து புது நாப்பை மாட்டினார். டையை வெட்டி எடுத்தார், அந்தத் துண்டைத்தான் இந்த உறையில் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் காட்டு. சம்பந்தியம்மா கையிலும் கொடு. இவ்வளவு சின்ன வெள்ளைத் துண்டுதான். இதை நான் கட்டச் சொன்னதற்கு உன் கை பழி சுமந்தது. காரை விற்பதானால் விற்றுவிடு, அது உன் வண்டி, நான் நடுவில் வர மாட்டேன். ஆனால் உன் கை சரியில்லை என்று சொல்லி விற்காதே. கம்பெனியில் எழுதிக் கொடுப்பதற்கும் முன்னால் ஒரு தடவை கடம்பத்தூருக்கு வா. சாவி ஆணியில் தொங்குகிறது.

அவர் மாட்டி முடித்ததும் என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவை அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். வண்டி ஆஃப், கிளட்சை மிதிக்கச் சொன்னார், மிதித்தேன். "வளையத்தத் தூக்காம ரிவர்ஸ் போட்டுப் பாருங்க பெரிமா" என்றார். உன் கை வைக்கிற இடத்தில் என் இடது கையை வைத்து, இடது பக்கம் ஒதுக்கி முன்னால் தள்ளினேன். போகவில்லை. வலது கையையும் சேர்த்து வைத்து, சீட்டில் பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலம் எல்லாவற்றையும் வைத்துத் தள்ளினேன், அமுதா. போகவில்லை.

இந்தத் தடவை முன் சீட்டில், உன் இடது கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வர நினைக்கும்,
அம்மா.